நஞ்சை வென்ற நொதிகள்

நுழையும்முன்

வீட்டுச் சுவரில் பூச்சிக்கொல்லியைத் தெளித்தால் கொசு மடியும். கொசு மடிந்தால் மலேரியா ஒழியும் என்று உலகம் ஒரு காலத்தில் உறுதியாக நம்பியது. அந்நம்பிக்கை பல நாடுகளில் பலித்தது. பின்னர் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. தெளித்த மருந்தில் குறையில்லை. தெளித்தவர் உழைப்பிலும் குறையில்லை. கொசுவின் உடலுக்குள் இயங்கும் நொதிகள் அந்நஞ்சை வெல்லும் வலிமை பெற்றிருந்தன. அவ்வலிமை எவ்வாறு வந்தது? அதனை அறிவியல் எவ்வாறு எதிர்கொள்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடம்.

சிறிய உயிர், பெரிய பகை

பொழுது சாய்ந்தபின் குருதி தேடிப் புறப்படும் பெண் அனாபிலிஸ் கொசுவின் எடை சில மில்லிகிராமே. ஆண்கொசு தாவரச் சாற்றையும் பூந்தேனையும் உண்டு வாழ்ந்துவிடும். பெண்கொசுவுக்கோ முட்டைகள் முதிர்வதற்குக் குருதியிலுள்ள புரதம் தேவை. நோயுற்ற ஒருவரைக் கடித்த கொசு, சில நாள் கழித்து வேறொருவரைக் கடிக்கும்போது, மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணியை அவர் உடலுக்குள் செலுத்திவிடுகிறது. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்தராபாத்தில் பணியாற்றிய மருத்துவர் ரொனால்டு ராஸ், கொசுவொன்றின் வயிற்றுச்சுவரில் இவ்வொட்டுண்ணியைக் கண்டறிந்தார். இப்பணிக்காக 1902ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

ராஸ் கண்டறிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அப்பகை ஓயவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 26.3 கோடி முறை மலேரியா மக்களைத் தாக்கியது. ஏறத்தாழ 5,97,000 பேர் உயிரிழந்தனர். இறந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்க மண்டலத்தினர். அங்கு இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயது நிறையாத குழந்தைகள். எனவே, கொசுவின் உடலில் நிகழும் ஒரு வேதிமாற்றத்தைப் பற்றி அறிவது அக்குழந்தைகளின் உயிரோடு தொடர்புடையது என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும்.

டி.டி.டி. தந்த நம்பிக்கை

1874ஆம் ஆண்டிலேயே ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட டி.டி.டி. என்னும் வேதிப்பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலாளர் பால் முல்லர் கண்டறிந்தார். சுவரில் ஒருமுறை தெளித்தால் பல மாதங்கள் அதன் வீரியம் நிலைத்திருக்கும். குருதி குடித்த களைப்பில் சுவரில் வந்தமரும் கொசு, கால்வழியே நஞ்சேறி மடியும்.

கொசு மடிவதற்குக் காரணம் அதன் நரம்புகளில் நிகழும் குழப்பமாகும். நரம்புயிரணுவின் மேலுறையில் சோடியம் அயனிகள் உட்புகுவதற்கான நுண்வாயில்கள் உள்ளன. செய்தி கடக்கும் கணத்தில் அவை திறந்து, உடனே மூடிக்கொள்ளும். டி.டி.டி. அவ்வாயில்களை மூடவிடாமல் பற்றிக்கொள்கிறது. நரம்பு ஓய்வின்றித் துடிக்கிறது. கொசு வலிப்புற்று வீழ்கிறது.

இந்தியா இதனால் பெரும்பயன் அடைந்தது. விடுதலை பெற்ற காலத்தில் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர்; எட்டு லட்சம் பேர் இறந்தனர். 1953ஆம் ஆண்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958ஆம் ஆண்டில் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. 1965ஆம் ஆண்டில் நோயுற்றோர் தொகை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. ஆனால், 1976ஆம் ஆண்டில் அது மீண்டும் 64 லட்சமாக உயர்ந்தது. பணியில் ஏற்பட்ட தொய்வு, மருந்துப் பற்றாக்குறை எனக் காரணங்கள் பல, டி.டி.டி.யைத் தாங்கும் கொசுக்கள் பெருகியதும் அவற்றுள் ஒன்று.

ஒரு மாநிலம் கற்பித்த பாடம்

கொசுவின் எதிர்ப்புத்திறன் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாநிலத்தில் நிகழ்ந்தவை தெளிவாகக் காட்டுகின்றன.

அங்கு அனாபிலிஸ் ஃபுனஸ்டஸ் என்னும் கொசு மலேரியாவைப் பரப்பிவந்தது. வீட்டுக்குள்ளேயே தங்கி, மனிதக் குருதியையே பெரிதும் நாடும் இயல்புடையது அது. பல்லாண்டுகள் டி.டி.டி. தெளித்ததன் பயனாக அக்கொசு அந்நாட்டைவிட்டே மறைந்தது. சுற்றுச்சூழலில் டி.டி.டி. நெடுங்காலம் தங்குவது குறித்த கவலை வளர்ந்தமையால், 1996ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டு டெல்டாமெத்ரின் என்னும் புதிய மருந்துக்கு மாறினர். இது பைரித்ராய்டு வகையைச் சார்ந்தது. சாமந்திக் குடும்பத்துப் பூவொன்றிலிருந்து பெறப்படும் பைரித்ரம் என்னும் இயற்கைப் பூச்சிக்கொல்லியைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட மருந்துகளே பைரித்ராய்டுகள். மனிதருக்கு இவற்றால் விளையும் தீங்கு ஒப்பீட்டளவில் குறைவு.

மாற்றம் நன்மைக்கே எனத் தோன்றியது. ஆனால், நோய் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 1995ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஒன்பதாயிரத்துக்கும் குறைவாக இருந்த நோயுற்றோர் தொகை 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 64,000 ஆயிற்று. அவர்களுள் பெரும்பகுதியினர் குவாசூலு-நட்டாலைச் சேர்ந்தவர்கள். மொசாம்பிக் எல்லையை ஒட்டிய நுடுமோ பகுதியில், டெல்டாமெத்ரின் தெளித்த வீடுகளின் சன்னல்களில் பொறிவைத்துப் பார்த்தனர். மறைந்துபோனதாகக் கருதப்பட்ட ஃபுனஸ்டஸ் கொசுக்கள் அப்பொறிகளில் உயிரோடு சிக்கின. மருந்து தெளித்த வீட்டுக்குள் சென்று, அவை நலமாக வெளியேறிக்கொண்டிருந்தன.

புதிரும் விடையும்

இக்கொசுக்கள் நஞ்சை எவ்வாறு தாங்கின? இதற்கு இரண்டு வழிகள் இருக்கலாம். நஞ்சு சென்று பற்றும் நரம்புவாயிலின் வடிவம் மாறியிருக்கலாம். பூட்டு மாறினால் பழைய சாவி பொருந்தாது. அல்லது, நஞ்சு நரம்பைச் சென்றடையும் முன்பே உடலுக்குள் சிதைக்கப்பட்டிருக்கலாம்.

இவ்விரண்டில் எது உண்மை என்பதை அறிய ஓர் எளிய தடயம் கிடைத்தது. டி.டி.டி.யும் பைரித்ராய்டும் வேதியமைப்பில் வேறுபட்டவை. ஆயினும் இரண்டும் பற்றுவது ஒரே சோடியம் வாயிலைத்தான். அவ்வாயில் மாறியிருந்தால் இரண்டு நஞ்சுகளும் ஒருசேரத் தோற்றிருக்கவேண்டும். நுடுமோவில் பிடிபட்ட கொசுக்களோ பைரித்ராய்டைத் தாங்கின, டி.டி.டி.க்கு மடிந்தன. எனவே, வாயில் மாறவில்லை. பைரித்ராய்டு மட்டுமே வழியில் அழிக்கப்படுகிறது என்பது புலனாயிற்று.

அடுத்த சோதனை இதனை உறுதிசெய்தது. பைப்பரோனைல் பியூட்டாக்சைடு என்னும் பொருள், பூச்சியுடலில் ஆக்சிஜனேற்றம் செய்யும் ஒருவகை நொதிகளைச் செயலிழக்கச் செய்யும். கொசுக்களுக்கு முதலில் அப்பொருளையும் பின்னர் பைரித்ராய்டையும் கொடுத்தனர். முன்னர் நஞ்சைத் தாங்கிய கொசுக்கள் இப்போது மடிந்தன. எதிர்ப்புத்திறனின் இருப்பிடம் நொதியே என்பது தெளிவாயிற்று.

2000ஆம் ஆண்டில் குவாசூலு-நட்டாலில் மீண்டும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் நோயாளிகளுக்குரிய மருந்தும் மாற்றப்பட்டது. எல்லைக்கு அப்பால் மொசாம்பிக்கிலும் தெளிப்புப்பணி நிகழ்ந்தது. இவற்றின் கூட்டுப்பயனாக இரண்டே ஆண்டுகளில் அம்மாநிலத்தின் நோய்த்தொகை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

நொதி என்னும் தொழிலாளி

உயிருடலில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களே நொதிகள். ஒவ்வொரு நொதியிலும் ஒரு சிறு குழிவு உண்டு. அதில் பொருந்தும் மூலக்கூறு மட்டுமே மாற்றத்துக்கு உள்ளாகும். வினை முடிந்ததும் நொதி சிதையாமல், அடுத்த மூலக்கூற்றை ஏற்க ஆயத்தமாகிவிடும். நாம் உண்ணும் சோற்றை வாயிலேயே இனிக்கச் செய்வதும் பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுக்குத் துணைநிற்பதும் நொதிகளே.

உடலுக்குள் புகும் நச்சுப்பொருள்களைச் சிதைப்பதும் நொதிகளின் பணியாகும். தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளப் பற்பல நஞ்சுகளை உருவாக்குகின்றன. அவற்றை எதிர்கொண்டு வாழவேண்டிய பூச்சிகள் பல கோடி ஆண்டுகளாகவே நச்சுநீக்கும் நொதிகளைப் பெற்றுள்ளன. மனிதன் பூச்சிக்கொல்லியைப் படைத்தபோது, அதனை எதிர்க்கும் கருவிகள் பூச்சிகளிடம் முன்னமே இருந்தன. கொசுவின் எதிர்ப்புத்திறனில் இவற்றுள் மூன்று குடும்பங்கள் முதன்மையானவை.

முதற்குடும்பம் சைட்டோகுரோம் பி450 நொதிகள். பூச்சிக்கொல்லிகள் பெரும்பாலும் எண்ணெய்த்தன்மை உடையவை. எனவே உடலைவிட்டு எளிதில் வெளியேறுவதில்லை. பி450 நொதி அம்மூலக்கூற்றில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்க்கிறது. அதனால் அது நீரில் கரையும் தன்மை பெற்றுக் கழிவாக வெளியேற வழி பிறக்கிறது. அனாபிலிஸ் காம்பியே என்னும் ஆப்பிரிக்கக் கொசுவில் இக்குடும்ப மரபணுக்கள் 111 உள்ளன. மனிதரிடம் இருப்பவை 57. தென்னாப்பிரிக்க ஃபுனஸ்டஸ் கொசுக்களில் பைரித்ராய்டைச் சிதைப்பவை 6பி9 எனக் குறிக்கப்படும் நொதிகள். இவை அக்கொசுக்களில் இயல்பைவிடப் பன்மடங்கு மிகுதியாகச் சுரந்தன. மரபணு எந்த அளவுக்கு இயங்கவேண்டும் என்பதை வரையறுக்கும் பகுதியில் ஏற்பட்ட மாற்றமே இதற்குக் காரணம்.

இரண்டாம் குடும்பம் எஸ்டரேஸ் நொதிகள். சில பூச்சிக்கொல்லிகளில் எஸ்டர் என்னும் வேதிப்பிணைப்பு உண்டு. எஸ்டரேஸ் நீரின் துணையால் அப்பிணைப்பைப் பிளந்துவிடும். டி.டி.டி. பயனற்றுப்போனபின் இலங்கையில் 1970களில் மாலத்தியான் தெளிக்கத் தொடங்கினர். நாளடைவில் அங்குள்ள அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசுக்களில், மாலத்தியானைப் பிளக்கும் கார்பாக்சில் எஸ்டரேஸ் நொதி வலுப்பெற்றது. மாலத்தியானால் மனிதருக்கு விளையும் தீங்கு குறைவாக இருப்பதற்கும் நம் கல்லீரலிலுள்ள இவ்வகை நொதியே காரணம் என்பது இங்கு எண்ணத்தக்கது. நம்மைக் காக்கும் உத்தியே கொசுவையும் காத்தது.

மூன்றாம் குடும்பம் குளூட்டாதயோன் டிரான்ஸ்ஃபெரேஸ் நொதிகள். டி.டி.டி. மூலக்கூற்றிலிருந்து ஒரு ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் நீக்கி, கொசுவைக் கொல்லும் ஆற்றல் அற்ற டி.டி.இ. என்னும் பொருளாக மாற்றுபவை இவை. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு ஃபுனஸ்டஸ் கொசுக்கள் டி.டி.டி.யைத் தாங்குவது ஏன் எனச் சார்லஸ் வொண்ட்ஜி தலைமையிலான ஆய்வுக்குழு ஆராய்ந்து, 2014ஆம் ஆண்டில் வெளியிட்டது. அந்நொதியின் 119ஆம் இடத்தில் இருக்கவேண்டிய லியூசின் என்னும் அமினோ அமிலத்துக்கு மாறாக ஃபினைல்அலனின் அமைந்திருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் நொதியின் குழிவு அகன்று, டி.டி.டி.யை எளிதில் ஏற்றது. இருநூற்றுக்கும் மேற்பட்ட மணிகள் கோத்த மாலையில் ஒரு மணி மாறியமையால் ஒரு பூச்சிக்கொல்லி பயனிழந்தது.

தெரியுமா?

பி450 நொதிகளைத் தடுக்கும் பொருளுக்கான தேடல் நல்லெண்ணெயிலிருந்து தொடங்கியது. பைரித்ரத்துடன் எள்ளெண்ணெயைக் கலந்தால் பூச்சிகள் மிகுதியாக மடிகின்றன என்பது 1940ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. எள்ளிலுள்ள செசமின் முதலிய பொருள்களே அதற்குக் காரணம். பைப்பரோனைல் பியூட்டாக்சைடின் மூலக்கூறும் செசமினின் மூலக்கூறும் ஒரே வகையான வளைய அமைப்பை உடையவை.

கொசு கற்றுக்கொண்டதா?

‘கொசு மருந்துக்குப் பழகிவிட்டது’ என்று நாம் பேச்சுவழக்கில் கூறுகிறோம். இக்கூற்று உண்மையன்று. எந்தக் கொசுவும் தன் வாழ்நாளில் நஞ்சைத் தாங்கக் கற்றுக்கொள்வதில்லை. பல லட்சம் கொசுக்கள் வாழும் ஓரிடத்தில், மரபணு நகலாகும்போது நேரும் தற்செயலான பிழையால், மிகச்சில கொசுக்களில் நச்சுநீக்கும் நொதி சற்று மிகுதியாகச் சுரக்கும். நஞ்சு தெளிக்கப்படாத நாளில் அதனால் பயனில்லை. நொதியை மிகுதியாக உருவாக்குவது உடலுக்குச் சுமையாகவும் அமையலாம். நஞ்சு தெளிக்கப்பட்டதும் நிலைமை தலைகீழாகிறது. மற்றவை மடிகின்றன, அச்சிலவே எஞ்சி முட்டையிடுகின்றன.

முறத்தில் நெல்லைப் புடைக்கும்போது பதர் பறந்துபோக, மணி எஞ்சி நிற்கிறது. புடைப்பவர் நெல்மணியை உண்டாக்குவதில்லை, பிரித்தெடுக்கிறார். அதுபோலவே நாம் தெளிக்கும் மருந்து எதிர்ப்புத்திறனை உண்டாக்குவதில்லை. முன்னமே இருந்த எதிர்ப்புத்திறனைப் பிரித்தெடுத்துப் பெருக்குகிறது. ஒரே மருந்தை இடைவிடாது தெளிப்பது, ஒரே முறத்தால் ஓயாது புடைப்பதற்கு ஒப்பாகும். கொசு முட்டையிலிருந்து முதிர்நிலை அடைய இரு வாரங்கள் போதுமாதலால், ஓராண்டிலேயே பல தலைமுறைகள் இச்சலிப்புக்கு உள்ளாகின்றன. வயல்களில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லிகள் நீர்நிலைகளில் கலக்கும்போது, அங்கு வளரும் கொசுப்புழுக்களும் இவ்வாறே தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

நொதியை அறிந்தமையால் விளைந்த பயன்

2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியாத் தாக்குதல்கள் 66.3 கோடி என்றும், அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு பூச்சிக்கொல்லி ஏற்றிய கொசுவலைகளால் தவிர்க்கப்பட்டவை என்றும் ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். அவ்வலைகள் அனைத்திலும் இருந்தது பைரித்ராய்டு வகை மருந்தே. ஒரே வகை மருந்தை ஒரு கண்டமே நம்பியிருந்தது. நுடுமோவில் கண்ட எதிர்ப்புத்திறன் பிற நாடுகளிலும் பரவியபோது, வலைக்குள் உறங்கும் குழந்தையின் காப்பு தளரத் தொடங்கியது.

இந்நெருக்கடியில் நொதியைப் பற்றிய அறிவே கைகொடுத்தது. பைரித்ராய்டுடன் பைப்பரோனைல் பியூட்டாக்சைடையும் சேர்த்துப் புதிய வலைகள் உருவாக்கப்பட்டன. ஒன்று நொதியை முடக்க, மற்றொன்று கொசுவைக் கொல்லும். தான்சானியாவிலும் உகாண்டாவிலும் நடைபெற்ற பெரிய களஆய்வுகளில், பழைய வலைகளைப் பயன்படுத்திய ஊர்களைவிட இவ்வலைகளைப் பயன்படுத்திய ஊர்களில் மலேரியா குறைந்திருந்தது.

இதனினும் வியப்பளிப்பது குளோர்ஃபெனபிர் என்னும் பொருள். அது கொசுவின் உடலில் புகும்போது பெரிதும் வீரியமற்றிருக்கும். பி450 நொதி அதனை வேற்றுப்பொருளெனக் கருதி மாற்றியமைக்கும்போதுதான் அது கொடிய நஞ்சாகிறது. அந்நஞ்சு நரம்பைத் தாக்குவதில்லை. உயிரணு ஆற்றல் பெறும் வழியையே அடைத்துவிடுகிறது. கொசுவைக் காத்த காவலாளியே அதன் உயிருக்கு உலைவைக்கிறான். பைரித்ராய்டுடன் குளோர்ஃபெனபிரும் சேர்ந்த வலைகளை, எதிர்ப்புத்திறன் பரவியுள்ள பகுதிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

எதிர்ப்புத்திறனை முன்கூட்டியே அறியும் வழியும் பிறந்துள்ளது. கொசுவின் ஒரு காலிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ.யைக் கொண்டே, அது 6பி9 மரபணு மாற்றத்தை உடையதா என்பதை அறியும் சோதனை 2019ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. எந்த ஊருக்கு எந்த வலை ஏற்றது என்பதை, நோய் பெருகுமுன்பே முடிவுசெய்ய இத்தகைய சோதனைகள் உதவும்.

நம் ஊர்க் கொசுவும் நாமும்

சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் கொசு. கிணறுகளிலும் மூடாத மேனிலைத் தொட்டிகளிலும் தேங்கும் தூய நீரே அதற்குப் பிறப்பிடம். ஆசியாவுக்குரிய அக்கொசு 2012ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் காணப்பட்டது. பின்னர் எத்தியோப்பியாவிலும் இலங்கையின் மன்னாரிலும் கண்டறியப்பட்டது. பல மருந்துகளைத் தாங்கும் வலிமையுடன் அது பரவுவது உலகுக்குப் புதிய அறைகூவலாகும். 2016ஆம் ஆண்டில் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கை, அந்நிலையைக் காக்க இன்றும் விழிப்புடன் இருக்கவேண்டியுள்ளது. இந்தியாவும் 2030ஆம் ஆண்டுக்குள் மலேரியாவை அகற்ற இலக்கு வகுத்துள்ளது.

எந்த நொதியாலும் சிதைக்க முடியாத காப்புகளும் நம்மிடம் உண்டு. இறுக மூடிய தொட்டி அவற்றுள் ஒன்று. கிழிசல் இல்லாத வலை மற்றொன்று. கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனைக் கிணற்றில் விடுவதும் அத்தகையதே. மருந்து தேவைப்படும் இடத்திலும் அளவறிந்து பயன்படுத்துதல், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வேறுவகை மருந்துக்கு மாறுதல், கொசுக்களின் தாங்குதிறனை ஆண்டுதோறும் சோதித்தல் ஆகியவை இன்றியமையாதவை. பூச்சிக்கொல்லியின் வீரியம் ஒரு பொதுச்சொத்து. அதனை வீணே செலவிடும் தலைமுறை, அடுத்த தலைமுறையின் குழந்தைகளுக்குரிய காப்பைக் கரைத்துவிடுகிறது. நுடுமோவின் சன்னல்பொறியில் உயிரோடு சிக்கிய கொசுக்கள் உலகுக்கு உணர்த்திய செய்தி இதுவே.

கலைச்சொல் அறிவோம்

நொதி – உயிருடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம்
எதிர்ப்புத்திறன் – கொல்லும் அளவு நஞ்சைத் தாங்கி வாழும் மரபுவழி ஆற்றல்
ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து வாழ்ந்து அதற்குத் தீங்கு செய்யும் உயிர்
அமினோ அமிலம் – புரதத்தின் அடிப்படை அலகு

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் நீர் தேங்கும் இடங்களைப் பட்டியலிட்டு, அவற்றை மூடவோ அகற்றவோ மேற்கொண்ட முயற்சிகளை வகுப்பில் எடுத்துரைக்க.
2. உங்கள் பகுதி உழவர் ஒருவரிடம், முன்பு பயன் தந்து இப்போது பயன் தராத பூச்சிக்கொல்லி குறித்து உரையாடிக் கட்டுரை எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. டி.டி.டி.யும் பைரித்ராய்டும் கொசுவின் உடலில் பற்றும் இடம்
அ) வயிற்றுச்சுவர் ஆ) நரம்பின் சோடியம் வாயில் இ) இறகு ஈ) முட்டை

2. பி450 நொதியால் வீரியம் பெற்று, உயிரணு ஆற்றல் பெறும் வழியை அடைக்கும் பூச்சிக்கொல்லி
அ) டி.டி.டி. ஆ) மாலத்தியான் இ) டெல்டாமெத்ரின் ஈ) குளோர்ஃபெனபிர்

குறுவினா

1. பெண்கொசுவுக்குக் குருதி தேவைப்படுவது ஏன்?
2. எஸ்டரேஸ் நொதி மாலத்தியானை எவ்வாறு பயனற்றதாக்குகிறது?

சிறுவினா

1. நுடுமோ கொசுக்களின் நரம்புவாயில் மாறவில்லை என்பதை ஆய்வாளர்கள் எவ்வாறு உணர்ந்தனர்?
2. ‘கொசு மருந்துக்குப் பழகிவிட்டது’ – இக்கூற்றின் பிழையை முறத்தின் உவமை வழி விளக்குக.

நெடுவினா

1. பூச்சிக்கொல்லியின் வீரியம் ஒரு பொதுச்சொத்து என்பதைப் பாடச்செய்திகளின் துணைகொண்டு நிறுவுக.